உன் கேபினில் இருந்த கண்ணாடிக் குமிழ்

தென்காசி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். சாரல் ஆரம்பித்துவிட்டது, கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் காயவில்லை. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெருவிளக்கைச் சுற்றித் தெரிந்த வட்டமெல்லாம் போய்விட்டது. அதனால்தான் கடிதமே எழுதுகிறேன்.

போன வாரம் போனில் உன் பேரனுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஒளி அலையா துகளா, ஒண்ணைச் சொல்லுங்க தாத்தா" என்றான். நான் வாத்தியார் குரலில் "ரெண்டும்தான்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டான். அந்தச் "சரி" எனக்குப் பழக்கம், முப்பது வருஷம் வகுப்பில் கேட்டது. ஒன்றும் புரியவில்லை, ஆளை விடுங்கள் என்று அர்த்தம்.

அவனுக்கு எழுதுவதைவிட உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. நான் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிப் போட்டதை நீ தியேட்டர் ஆபரேட்டராகத் தினம் இரண்டு ஆட்டம் ஓட்டிக்கொண்டிருந்தாய்.

ஞாபகம் இருக்கிறதா, ஒரு ராத்திரி இரண்டாவது ஆட்டத்துக்கு என்னைக் கேபினுக்குள் விட்டாய். ஆர்க் லைட் வெக்கை, கார்பன் நெடி. பிலிம் ஓரத்தில் மலைத்தொடர் மாதிரி ஓடிய வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இதுதான் சத்தம்" என்றாய். நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து, சத்தக் கோட்டின் மேல் வெளிச்சம் பாய்ச்சும் சின்ன எக்சைட்டர் விளக்குக்கும், அந்த வெளிச்சத்தை வாங்கி மின்சாரமாக்கும் கண்ணாடிக் குமிழான போட்டோ செல்லுக்கும் நடுவில் நீட்டினாய். திரையில் கதாநாயகன் வாயசைத்துக்கொண்டே இருக்கிறான், பேச்சில்லை. கீழே தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. முதலாளி மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டு நான் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்த மலைத்தொடர் அகலமாகும் இடத்தில் அதிக வெளிச்சம் செல்லில் விழும், குறுகினால் குறைவாக விழும். வெளிச்சம் விழுந்தால் உள்ளே பூசியிருக்கும் சீசியம் எலக்ட்ரான்களை உமிழும். அதிக வெளிச்சம் என்றால் அதிக எலக்ட்ரான். அதுதான் மின்னோட்டமாகி, ஆம்ப்ளிபையர் வழியாக வசனமாகிறது. "ஒளிமின்கலத்தின் பயன்கள்" என்று பாடத்தில் இது ஒரே ஒரு வரி. அதை எத்தனை வருஷம் படித்துக்காட்டிவிட்டுப் பக்கம் புரட்டியிருக்கிறேன்! உன் கேபின் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

சிக்கல் எங்கே என்றால், வெளிச்சத்தைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஒவ்வொன்றின் வேகம் கூடுவதில்லை. 1902-இல் லெனார்ட் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டார். அலையாக இருந்தால், பெரிய அலை பலமாக அடிக்க வேண்டாமா? வேகம் கூட வேண்டுமென்றால் நிறம் ஊதாப் பக்கம் போக வேண்டும். நம்ம தியேட்டர் டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள். தரை டிக்கெட் 40 காசு. ஒரு விசித்திரமான சட்டம்: ஒருவன் ஒரே ஒரு நாணயம்தான் நீட்டலாம். நாலணா, அதாவது 25 காசு, வைத்திருப்பவர்கள் ஆயிரம் பேர் முண்டியடித்தாலும் ஒருவனும் உள்ளே போக முடியாது. எட்டணாக்காரன், அதாவது 50 காசுக்காரன், தனியாக வந்தாலும் போவான், கையில் 10 காசு மீதியோடு. அந்த மீதிதான் எலக்ட்ரானின் வேகம். சிவப்பு ஒளி நாலணா, ஊதா எட்டணா. 1905-இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைன் சொன்னது இவ்வளவுதான்: ஒளி சில்லறை சில்லறையாக வருகிறது. 1921-ஆம் ஆண்டு நோபல் அவருக்குக் கிடைத்ததும் இந்த விதிக்காகவே, சார்பியலுக்காக அல்ல. பேரனிடம் சொல், தேர்வில் மாற்றி எழுதிவிடப் போகிறான்.

துத்தநாகத்துக்கு பால்கனி டிக்கெட். ஒரு எலக்ட்ரானை வெளியே இழுக்க 4.3 எலக்ட்ரான் வோல்ட் (இந்தச் சின்ன ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஊதாவின் ஒரு சில்லறையே 3 எலக்ட்ரான் வோல்ட் சுமார்தான், அதனால் புற ஊதாதான் வேலைக்கு ஆகும். சீசியத்துக்கு 2 சுமார் போதும். உன் எக்சைட்டர் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்துக்கு அதுதான் தோது.

எனக்கு ஐன்ஸ்டைனைவிட இந்தக் கதையில் மில்லிகன் என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பிடிக்கும். சிகாகோவில் ஐன்ஸ்டைன் தப்பு என்று காட்டுவதற்காகவே பத்து வருஷம் மல்லுக்கட்டியவர். சோடியம், லித்தியம் பரப்பில் கறை படிந்துவிடும் என்று வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து மின்காந்தத்தால் திருப்பி, உலோகத்தைச் சீவிச் சீவிப் புதுப் பரப்பில் அளந்தார். ஒளியின் அதிர்வெண்ணுக்கும் எலக்ட்ரானின் ஆற்றலுக்கும் போட்ட வரைபடத்தில் 1916-இல் வந்த நேர்கோடு ஐன்ஸ்டைன் சொன்னபடியே இருந்தது. முடிவை அப்படியே வெளியிட்டார். ஆனாலும் ஒளித்துகளை ஏற்க முடியாது என்றும் அதிலேயே எழுதினார். பிடிக்காத பதிலையும் திருத்தாமல் எழுதுகிற ஆள்.

சரி, துகள் என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. 1909-இல் கேம்பிரிட்ஜில் டெய்லர் என்ற இளைஞர் மிக மங்கலான வெளிச்சத்தில் ஒரு ஊசியின் நிழலை மாதக்கணக்கில் படமெடுத்தார். சில்லறை ஒவ்வொன்றாக வந்து விழும் அளவுக்கு மங்கல். அப்படியும் அலைக்கே உரிய கோடுகள் விழுந்தன. தனியாக வந்தவன் யாரோடு சேர்ந்து வரிசை கட்டினான்? இந்த இடத்தில் எனக்கே இன்னும் தலை சுற்றும். கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

எலக்ட்ரானும் இதே கூத்து. பொருளுக்கும் அலை உண்டு என்று டிப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் 1924-இல் ஆய்வேட்டில் எழுதினார். அதற்குச் சாட்சி கிடைத்தது ஒரு விபத்தில். நியூயார்க்கில் டேவிசன், ஜெர்மர் என்ற இரு விஞ்ஞானிகள் நிக்கலில் எலக்ட்ரான்களைத் தெறிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1925-இல் திரவக் காற்றுப் புட்டி வெடித்து, குழாய் உடைந்து, நிக்கலில் துரு மாதிரி ஆக்சைடு ஏறிவிட்டது. அதைப் போக்க நெடுநேரம் சூடாக்கினார்கள். அந்தச் சூட்டில் பொடிப் படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகிவிட்டன. பிறகு பார்த்தால் எலக்ட்ரான்கள் சில கோணங்களில் மட்டும் குவிகின்றன. ஒற்றைப் படிகம் எடுத்து 1927-இல் உறுதி செய்தார்கள்: 54 வோல்ட்டில் செலுத்திய எலக்ட்ரான்கள் 50 பாகைக் கோணத்தில் குவிந்தன, அது டிப்ராய் கணக்கோடு ஒத்துப்போயிற்று. உனக்குப் பிடித்த சேதி ஒன்று: அவர்கள் வேலை பார்த்த பெல் ஆய்வகத்தில்தான் அதே காலத்தில் பேசும் படத்துக்கான ஒலிக்கருவிகளையும் உருவாக்கினார்கள்.

தியேட்டரை இடித்தபோது நீ ஒரு பழைய போட்டோ செல்லை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாயே, இருக்கிறதா? தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. கண்ணாடி, துணி சுற்றிக் கட்டு. பேரனையும் கூட்டி வா. தபால் அட்டை என்னிடம் இருக்கிறது. உன் தங்கச்சி உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
வேலாயுதம்