நூறு ஜிகாவாட் இலக்கு குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அணுமின் உற்பத்தித் திறனை 2047-க்குள் 100 ஜிகாவாட்டாக (ஒரு லட்சம் மெகாவாட்) உயர்த்தப் போவதாக 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்ததே, அது நடக்கக்கூடிய காரியம்தானா என்று கேட்டிருந்தீர்கள். நடக்க வேண்டும் என்றே மனதார விரும்புகிறேன். நமது மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அதைக் குறைத்துக்கொண்டே இரவும் பகலும் தடையின்றி மின்சாரம் தர வேண்டுமானால், அணு உலைகளை ஒதுக்கிவிட முடியாது.

என்னை உறுத்துவது காலம்தான். அறிவிப்பு வந்தபோது நம்மிடம் இருந்த திறன் 8,180 மெகாவாட். மீதியை கனநீரைப் பயன்படுத்தி இயங்கும் நமது 700 மெகாவாட் உலைகளைக் கொண்டே நிரப்புவதாக வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 130 உலைகள் வேண்டும், ஆண்டுக்கு ஆறு. 1969-இல் நாட்டின் முதல் அணுமின் நிலையமான தாராப்பூர் இயங்கத் தொடங்கியதிலிருந்து இதுவரை நாம் நிறுவியவை எல்லாம் சேர்ந்தே 25 அளவில்தான் இருக்கின்றன. கூடங்குளத்துக்கு 1988-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2002-இல் கட்டுமானம் தொடங்கி, முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தபோது 2014-ஆம் ஆண்டே முடிந்துவிட்டது. கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையில் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் உலை) உலை மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. இப்படி இழுபடும் ஒவ்வோர் ஆண்டும் கடனுக்கான வட்டி ஏறி, கடைசியில் மின்கட்டணத்தில் வந்து விழுகிறது.

சிறிய உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் உள்நாட்டிலேயே வடிவமைத்த ஐந்தையேனும் இயக்குவதாகச் சொல்கிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அவற்றின் விலை இறங்கும். அதனால் 2017-இல் ஒரே வடிவில் பத்து 700 மெகாவாட் உலைகளுக்கு ஒரே தொகுப்பாக ஒப்புதல் தந்தார்களே, அந்த வழியையே நான் அதிகம் நம்புகிறேன். அதே தொழிலாளர்கள், அதே வரைபடம், அதே உதிரி பாகங்கள் என்று தொடரும்போதுதான் கை பழகும்.

கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்களின் அச்சத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் கூடங்குளத்துக்கு அனுமதி அளித்தது. ஆனாலும் பயன்படுத்திய எரிபொருளை எங்கே, எத்தனை காலம் வைக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு, உலையை ஒட்டி வாழ்பவர்களுக்குப் புரியும் மொழியில், கட்டுமானம் தொடங்கும் முன்பே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சுக்குச் செலவிடும் மாதங்களைத் தாமதக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தனியார் நிறுவனங்களை உலை கட்டும் பணியில் சேர்ப்பது பற்றி உங்கள் கருத்து என்ன? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்