நீ நடந்த மலையும் நம் கொறங்காடும்

மந்தைவெளி,
சென்னை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்ட் படங்களை அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டாள். எனக்கும் ரொம்பப் பிடித்தது. ஆனால் ‘மனுஷக் கையே படாத மலை’ என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த மலைகளில் ஒரு காலத்தில் காடு இருந்தது. மரத்தை வெட்டியவன் மனிதன். அது திரும்ப முளைக்காதபடி கடித்துக் கடித்துப் புல்வெளியாகவே வைத்திருப்பது செம்மறி ஆடு. நீ கை வீசி நடந்த வெட்டவெளி, சாந்து பூசாமல் கல்லடுக்கிக் கட்டிய அந்த மதில்கள் எல்லாமே ஆடு வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. 2017-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோதும், மேய்ச்சல் வாழ்க்கையைச் சேர்த்துத்தான் கணக்கில் எடுத்தது.

ஒரு படத்தில் சாம்பல் உடம்பும் வெள்ளை முகமுமாக ஒன்று உன்னையே பார்க்கிறதே, அது ஹெர்ட்விக் ஆடு. குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர நரைக்கும். மேல்மலையில் வேலி கிடையாது. தாய் பின்னாலேயே திரிந்து குட்டி தன் எல்லையைப் பழகும். பிறகு தன் குட்டிக்குப் பழக்கும். 2001-ல் கோமாரி வந்து, அது பரவாமலிருக்க மந்தை மந்தையாக ஆடுகளைக் கொன்றபோது இந்தப் பழக்கமே அற்றுப்போய்விடுமோ என்றுதான் ஆட்டுக்காரர்கள் பதறினார்கள். சந்தையில் வேறு ஆடு வாங்கி விட்டால் அதற்கு அந்த மலை தெரியாது. அந்த வருஷம் நடைபாதைகளையும் மூடிவிட்டார்கள், நடக்க வருபவர்களை நம்பியிருந்த ஊர்களும் சேர்ந்தே நொடித்தன.

ஆடு அதிகமானால் மலை மொட்டையாகும் என்று அங்கே சண்டையும் நடக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ராஜஸ்தானில் பரத்பூர் இருக்கிறது. அங்குள்ள கேவலாதேவ் பறவைப் பூங்காவில் 1982-ல் எருமைகள் மேய்வதைத் தடுத்தார்கள். புல் மண்டித் தண்ணீரை மூடி, பறவைக்கே இடம் குறைந்துபோனது.

அப்பாரு தாத்தாவின் கொறங்காடு, அந்த மேய்ச்சல் காடு, உனக்கு நினைவிருக்கிறதா? சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். கிளுவைப் போத்தை வெட்டி மழைக்கு முன்னால் நட்டால் போதும், அதுவே வேலியாகிவிடும். ஒரு காட்டில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு ஓட்டுவார்கள், அதற்குள் முதல் காட்டில் புல் தழைத்துவிடும். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், மாடு மரத்தடியை விட்டு நகராது. காங்கேயம் கன்றும் உன் ஹெர்ட்விக் மாதிரிதான்: சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பலாகும். அதையும் அப்பாரு தான் எனக்குக் காட்டினார்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் கொறங்காட்டைச் சைட் போட்டு விற்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2017 ஜனவரியில் நாட்டு மாட்டுக்காக மெரினாவில் ராத்திரி பகலாக உட்கார்ந்தாய், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்த மாடு எங்கே போய் மேயும் என்று யாரும் கேட்கவில்லையே கண்ணு. லேக் டிஸ்ட்ரிக்டில் நடக்க உலகமே வருகிறது. கார்த்திகை மழைக்கு அப்புறம் கொறங்காடு எப்படிப் பச்சையாக நிற்கும் என்று சென்னையில் யாருக்குத் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் அந்தப் பட்டிக்காரருக்கும் கொஞ்சம் வரும்படி, நமக்கும் நல்ல காற்று.

சரி, அடுத்த தடவை மலைக்குப் போனால் கேட்டைச் சாத்திவிட்டு நட. ஏப்ரலில் குட்டி போடும் நேரம், கிட்டே போகாதே. ஆட்டுக்காரர் யாராவது நின்றால் இரண்டு வார்த்தை பேசு, எத்தனை தலைமுறையாக வளர்க்கிறார் என்று கேள்.

டிசம்பரில் எந்தத் தேதி வருகிறாய் என்று சீக்கிரம் சொல். சேரன் எக்ஸ்பிரஸில் திருப்பூருக்கு மூன்று டிக்கெட் போட வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா