1,240 புளியங்கொட்டைக்கு நன்றி

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் உறவுகளுக்கும், என் மகள் செய்த அட்டை விளையாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பொறுமையாக இருந்த 310 வீட்டாருக்கும் வணக்கம்.

கடைசிப் பெட்டி நேற்று மதியம் உச்சிப்புளிக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் போனில் "வந்துருச்சுங்க" என்றதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். இன்றே எழுதாவிட்டால் நாளைக்கு வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுதவே மாட்டேன்.

அந்த வாரம் நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் கடைக்கே வந்து பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், கொஞ்சம் கூடுதலாகவே. பணத்தை வாங்கிக்கொண்டு சாமானை அனுப்பாத அந்த வியாபாரியின் பெயரைக் கேட்டு இன்னமும் சிலர் எழுதுகிறீர்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள். பகடையும் காயும் வரவில்லை, பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன, ஞாயிற்றுக்கிழமை கெடு. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் முக்கியமாக ஓர் அப்பத்தாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "பேரு போட்டா ரேசன் கடையில கேப்பாய்ங்க" என்றார். ரேஷன் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை, இருந்தாலும் போடவில்லை. சின்னப்பாலம் பக்கம். நாற்பது வருடத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர். இப்போதும் முழங்கால் ஒத்துழைக்கிற நாளில் போகிறார்.

செவ்வாய்க்கிழமை ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கடைக்குள் கால் வைக்க இடமில்லை, எல்லாம் பெட்டி. "என்னத்தா இது, தீவாளிப் பலகாரமா?" என்று கேட்டார். எனக்கு யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. பிள்ளை செய்த விளையாட்டு, விற்கிறோம், பகடை வரவில்லை, பணமும் போச்சு என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் வடகடல் எது, தென்கடல் எது, பாலம் எங்கே என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினார். "61 எதுக்கு?" மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் அப்பத்தா, நாளுக்கு ஒரு கட்டம் என்றேன். "எங்க காலத்துல 45தான்" என்றார், 2017-இல் கூட்டியதே நான்தான் என்பது போல. ஜெராக்ஸுக்கு இரண்டு ரூபாய் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார், மடியில் மஞ்சள் பை. உள்ளே நாற்பது புளியங்கொட்டை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்தது. "பத்துப் பெட்டிக்கு ஆச்சு. மிச்சத்தைச் சாயங்காலம் பாப்போம்" என்றார்.

ராத்திரி வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அந்தக் காலத்து முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) படி, அரம் மாதிரி இருக்கும். பாசிக்குப் போகும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்களே, அதே துணியைச் சுற்றிக்கொண்டு. கையைக் காட்டுங்கள் என்று கேட்டேன், காட்டவில்லை.

பகடைக்கு அப்பத்தாவின் விரல் ஏன் தேய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வருடத் தடைக்காலத்தில் இந்த விளையாட்டை என் மகள் செய்தாள். அவளுடைய அப்பா விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகும் கரையில், அவரும் கரையில். அப்பாவோடு விளையாட என்று பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தாள். பாம்பனில் கிளம்பி வடகடலில் வலை போட்டு, தூக்குப்பாலம் தாண்டித் தென்கடலுக்குப் போய், மன்னார் வளைகுடாவின் 21 தீவையும் சுற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். தீவில் இறங்கினால் வனத்துறை பிடிக்கும், மூன்று கட்டம் பின்னால். வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடற்பசுவை) அவிழ்த்துவிட்டால் நான்கு கட்டம் முன்னால். அவள் உருட்டியது நான்கு புளியங்கொட்டை. எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை. நான்கும் கறுப்பு விழுந்தால் எட்டு. எட்டு விழுந்தால் கச்சான் காற்று தூக்கிவிடும், முன்னால் போகிறவனுடைய கட்டத்துக்கே போய்விடலாம்.

விற்கலாம் என்று முடிவானதும் நான் "திருத்த" ஆரம்பித்தேன். கடைச் சாமான் என்றால் பளபளப்பாக இருக்க வேண்டாமா? காலண்டர் அட்டை போய் லேமினேஷன் வந்தது, அது சரி. அவள் வரைந்த கோணல் படகை நேராக்கினேன், அது பாதிச் சரி. கொட்டையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பகடை என்று முடிவு செய்தேன். கொட்டையைப் பெட்டியில் போட்டால் யார் காசு கொடுப்பார்கள் என்று சொன்னதும் நான்தான். பகடையில் எட்டு கிடையாதே, அதனால் "8 விழுந்தால்" என்பதை "6 விழுந்தால்" என்று மாற்றி அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "பாலத்துல எல்லாரும் மாட்டிக்கிறாங்கம்மா, அப்புறம் சட்டுன்னு முடிஞ்சிடுது" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். பிடிவாதம் என்று நினைத்தேன்.

அவள் சொன்னது கணக்கு. இதை அவளுடைய கணக்கு டீச்சர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், நான்கு கொட்டை 16 விதமாக விழலாம். அதில் ஒரே ஒரு வெள்ளை விழுவது 4 விதம். தூக்குப்பாலம் திறக்க ஒன்று விழ வேண்டும், அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. பகடையிலோ ஆறில் ஒன்று. மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? எட்டு விழுவது 16-இல் ஒரு முறை, அதனால்தான் கச்சான் அடித்தால் வீடே கத்தும். பகடையில் ஆறுக்கு ஒரு முறை கச்சான் அடித்தால் அது காற்றா, மின்விசிறியா? கொட்டைக்குச் சராசரி 2.5, பகடைக்கு 3.5. 61 கட்டத்தைக் கடக்கக் கொட்டையில் சுமார் 25 முறை உருட்ட வேண்டும், பகடையில் பதினேழு பதினெட்டிலேயே கரை வந்துவிடும். பதினொரு வயதுப் பிள்ளை இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. அறுபத்தொரு நாளும் விளையாடி விளையாடிச் சரிசெய்திருக்கிறாள். அதை நான் ஒரே மத்தியானத்தில் கெடுத்தேன்.

ஆக, அப்பத்தா கொண்டுவந்த நாற்பது கொட்டை பகடைக்கு மாற்றாக வந்ததில்லை. முதலில் பெட்டியில் இருந்திருக்க வேண்டியதே அதுதான். பையைத் திறந்து பார்த்த என் மகள், "நான்தான் முதல்லயே சொன்னேன்ல" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கொட்டைகளை நான்கு நான்காகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அப்பத்தா தனியாக வரவில்லை. பாசிக்குப் போகிற பெண்கள் ஒன்பது பேர். தடைக்காலத்தில் அவர்களும் பாசிக்குப் போவதில்லை, தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வருமானம் இல்லாத நாட்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் வருடத்துப் புளிக்குக் கொட்டை எடுத்த வீடுகள்தானே, ஆளுக்கு ஒரு படி கொட்டை. புதன், வியாழன், வெள்ளி, மூன்று ராத்திரி. 310 பெட்டிக்கு நாலு வீதம் 1,240. சொத்தையும் உடைசலும் கழித்த பிறகு எண்ணியது இது. கூலி என்று நான் வாயெடுத்தபோது அப்பத்தா பார்த்த பார்வையில் காசை மேசைக்குள்ளேயே போட்டுவிட்டேன். டீயும் வடையும் மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அதிலும் வடை ஆறிவிட்டது என்று குறை.

மற்றவர்களை ஒரே பத்தியில் அடைப்பதற்கு மன்னியுங்கள். பாக்கியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பெட்டிகளைக் கொடுத்தனுப்பிய சிவகாசி அச்சகத்து அண்ணனுக்கும், அந்தக் கட்டுகளை அருப்புக்கோட்டையில் பஸ் மாற்றி ஏற்றிவிட்ட, யாரென்றே தெரியாத தம்பிக்கும், காய்க்குப் பதிலாக நான்கு நிறப் பொத்தான்கள் எடுத்துத் தந்து, வெட்டுத்துணியில் 310 சுருக்குப்பையும் தைத்த தையல் கடை அக்காக்களுக்கும், மகளின் டீச்சருக்கும், படகில் கூடப் போகிற என் கணவரின் தோழர்களுக்கும் நன்றி. வலை பின்னுகிற கை சுருக்குப்பைக்குக் கயிறு கோப்பதைப் பார்க்க வேண்டுமே, கடைசியில் நாங்கள்தான் அவிழ்க்க முடியாமல் தவித்தோம். ராமநாதபுரத்து வக்கீல் அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி. மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிடு, கடனை அடைத்துவிடுகிறேன் என்று ஒருவர் வந்தபோது தடுத்தவர் அவர். விளையாட்டின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் உன் பிள்ளை வரைந்த படமும் எழுதிய விதியும் அவளுடையது, பத்திரமாக வை என்றார். மோனோபோலிக்கு மூலமான விளையாட்டுக்கு 1904-இலேயே காப்புரிமை வாங்கிய லிசி மேகி என்ற பெண்ணிடமிருந்து 1935-இல் கம்பெனி அதை 500 டாலருக்கு வாங்கிக்கொண்ட கதையையும் சொன்னார். அன்றைக்கு எனக்கு 500 டாலரே பெரிய தொகையாகத்தான் தெரிந்தது.

பெட்டி வாங்கியவர்களுக்கு இரண்டு விஷயம். உங்கள் அட்டையில் 6 என்பதை அடித்துவிட்டு 8 என்று மார்க்கரில் எழுதியிருந்தால் அது யாரோ கிறுக்கியது இல்லை, என் மகளின் கையெழுத்து. 310 அட்டையிலும் அவளே எழுதினாள், யாரையும் தொட விடவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டையையும் பொத்தானையும் எட்டாத இடத்தில் வையுங்கள், வாயில் போட்டுவிடும்.

அடுத்த அச்சுக்கு ஒரு மாற்றம் உண்டு. இந்த முறை அதை நான் செய்யப்போவதில்லை. முதல் நாள் அட்டையை விரித்துப் பார்த்தபோதே அப்பத்தா ஒன்று கேட்டிருந்தார்: "எல்லாம் வலைக்குப் போறவனாவே இருக்கானே, பாசிக்குப் போற பொம்பளையக் காணோமே?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மகள் மழுப்பவில்லை. 33-ஆம் கட்டத்தில் முட்டி அளவு தண்ணீரில் ஒரு பெண், விரலில் துணி, இடுப்பில் பை. அங்கே வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்பத்தாவைக் கேட்டுத்தான் எழுதுவாளாம். அது முடிவாகும் வரை அச்சகத்துக்குப் போன் செய்ய மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

இன்று ஜூன் 14. படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் கிளம்புவதற்கு முன் ஒரு ஆட்டம் என்று வாசலில் விரித்தோம். அப்பத்தாவும் வந்தார். பாலத்துக்கு முன்னால் போய் நின்றவருக்கு ஒன்று விழவே இல்லை. இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. ஏழாவது தடவையும் இரண்டு விழுந்ததும் கொட்டைகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது நான் தேச்சதில்ல" என்றார்.

இப்படிக்கு,
பாம்பன் ஜெராக்ஸ் கடைக்காரி