எங்கள் ஊர் விலக்கில் பேப்பர் கட்டு இறங்க வேண்டும்

மதிப்பிற்குரிய நாளிதழ் நிர்வாகத்தினருக்கும் விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் பெயரை இங்கே எழுதவில்லை. 31 வருடமாக உங்கள் பேப்பர் கட்டைப் பிரித்து வீடு வீடாகப் போட்டுப் பிழைத்தவன் நான், பெயரைப் போட்டு எழுதக் கை வரவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

விளாத்திகுளம் லைனில் இந்த மாதம் முதல் தேதி என்ன நடந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை, செய்தது நீங்கள்தான். கடிதம் கூட இல்லை, வாட்ஸ்அப்பில் மூன்று வரி. நூறு பிரதிக்குக் குறைவான ஊர்களுக்கு இனி வேன் வராது, முகவர்கள் டவுனுக்கு வந்து எடுத்துக்கொள்ளவும், வாசகர்களுக்கு இ-பேப்பர் மூன்று மாதம் இலவசம். கடைசியில் கை கூப்புகிற பொம்மை ஒன்று.

எனக்கு 62 பிரதி. ஒரு காலத்தில் 240 போட்டேன். 2020 ஊரடங்கில் பேப்பரில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று பயந்து நிறுத்தியவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. அது உங்கள் குற்றமும் இல்லை, என் குற்றமும் இல்லை. ஆனால் மீதி இருக்கும் 62 பேர் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள். முன்பு காலை 5.35க்கு எங்கள் ஊர் விலக்கில், அதாவது ஊருக்கு ரோடு பிரியும் இடத்தில், வேன் கட்டைப் போட்டுவிட்டுப் போகும். அங்கிருந்து 2 கிலோமீட்டர், சைக்கிளில் வந்து ஆறரைக்குள் எல்லா வீட்டுக்கும் போட்டுவிடுவேன். இப்போது டவுனுக்குப் போக வர 28 கிலோமீட்டர். ஒரு பேப்பருக்கு என் கையில் நிற்பது ஒன்றரை ரூபாய், ஆக மொத்தம் 93 ரூபாய். பெட்ரோலுக்கு 57 போனால் மிச்சம் 36. மழை நாளில் கரிசல் மண்ணில் வண்டி சிக்கினால் அந்த 36-உம் இல்லை. சரி, பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றால் டவுனிலிருந்து முதல் பஸ் 5.05க்குக் கிளம்பிவிடுகிறது, உங்கள் வேன் வருவதோ 5.15க்கு. அடுத்த பஸ் எட்டே முக்காலுக்குத்தான்.

என் கணக்கை விடுங்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் கண்டக்டர் மாமா இருக்கிறார், வயது 79. அவர் வேலை பார்த்த காலத்தில் உங்களுக்கு வேன் எல்லாம் கிடையாது. பேப்பர் கட்டு அவருடைய பஸ்ஸில்தான் வரும். மழை பெய்தால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துத் தன் சாக்குப்பையைப் போட்டு மூடிக் கொண்டுவருவார் என்று என் அப்பா சொல்வார். அப்படி ஊருக்குப் பேப்பர் கொண்டுவந்த மனிதர் இன்று திண்ணையில் உட்கார்ந்து அதே கட்டுக்காகக் காத்திருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன் போனில் உங்கள் இ-பேப்பரை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பக்கம் முழுதாகத் தெரிந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் வரியின் கடைசி வார்த்தை திரைக்கு வெளியே போய்விடுகிறது. விரலால் இழுத்து அந்த வார்த்தையைப் பிடித்துவிட்டுத் திரும்ப வந்தால் எந்த வரியில் விட்டோம் என்று தெரிவதில்லை. நடுவில் மகன் போன் செய்தால் பக்கமே போய்விடும். டவர் ஊருணிக் கரையில்தான் நன்றாகக் கிடைக்கும், அதனால் நாலு நாள் அங்கே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாப்ளே, இன்னைக்குப் பேப்பர் இல்லேன்னா நேத்துப் பேப்பர் இருந்தாலும் குடு."

நேற்றைய பேப்பரும் என்னிடம் இல்லை. முந்தின நாள் வண்டி பஞ்சர், டவுனுக்கே நான் போகவில்லை.

அதனால் கேட்கிறேன். எங்கள் ஊர் விலக்கில் பழையபடி கட்டை இறக்குங்கள். முடியாது என்றால், வேன் டவுனுக்கு ஒரு கால் மணி நேரம் முன்னால் வந்து 5 மணிக்கு நிற்கட்டும், கட்டை முதல் பஸ்ஸில் நான் ஏற்றிக்கொள்கிறேன். கேட்பது அவ்வளவுதான்.

சித்திரையில் வருடச் சந்தா சேர்க்கச் சொன்னீர்கள். ஐந்து பேரிடம் சொல்லிச் சேர்த்தேன். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினார்கள், ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தீர்கள். ஹாட் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, இட்லி மத்தியானம் வரை சூடாக இருக்கிறதாம். பேப்பர் மட்டும்தான் வரவில்லை. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, நிலம் எடுக்கும் அறிவிப்பை அந்த வட்டாரத்தில் விற்பனையாகும் இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டுவார்கள், இணையத்தில் ஏற்றுவார்கள், அதுவும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் ஒரு விவசாயிக்குத் தன் சர்வே எண் கண்ணில் படுவது பேப்பரில்தான், அல்லது பேப்பர் பார்த்தவர் சொல்லித்தான். வங்கி ஏலமும் அப்படியே. அந்த விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது எங்கள் வட்டாரம் உங்கள் விற்பனைப் பகுதி. கட்டு இறக்கும்போது மட்டும் நாங்கள் நூறுக்குக் கீழ்.

காகித விலை உங்களை நெரிக்கிறது என்பதும் தெரியும். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்கு 10 சதவீத வரி போட்டார்கள், மறு வருடம் 5 ஆகக் குறைத்தார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்து விலை மறுபடி ஏறியது. கரூர் பக்கம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்ய 1979இல் அரசு தொடங்கிய ஆலைக்குப் பெயரே செய்தித்தாள் காகித நிறுவனம்தான், அங்கே இப்போது பெரும்பாலும் ஓடுவது எழுதுகிற காகிதம். இதெல்லாம் உங்கள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் வாசகர் குறைந்ததற்குக் காகிதமும் செல்போனும் மட்டும்தான் காரணமா? மாவட்டப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதை மூன்று மாவட்டத்துக்குப் பொதுவாக்கினீர்கள். எங்கள் பகுதிநேர நிருபரை நிறுத்தினீர்கள். மிளகாய் வற்றல் விலை, கண்மாய் உடைப்பு, அம்மன் கோயில் கொடை, எதுவும் வருவதில்லை. முதல் பக்கத்தைப் புரட்டினால் நகைக்கடை விளம்பரம், அதைப் புரட்டினால் இன்னொரு முதல் பக்கம், அதில் மனைக்கட்டு விளம்பரம். ஊர்ச் செய்தி இல்லாத பேப்பரை ஊர்க்காரன் எதற்கு வாங்குவான்? வாங்கவில்லை என்று கட்டை நிறுத்துகிறீர்கள். உங்கள் ஆப் திறந்தால் லொக்கேஷன் கேட்கிறது. கொடுத்தால் நான் மதுரையில் இருப்பதாகச் சொல்கிறது. கீழே, நடிகை சொன்ன ஒற்றை வார்த்தை, ரசிகர்கள் அதிர்ச்சி. என்ன வார்த்தை என்று கடைசி வரை சொல்லவில்லை.

1942இல் ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். அது உங்கள் பத்திரிகை இல்லைதான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் பேப்பர் போட்டால் வாங்குவான் என்று நம்பித்தான் தமிழில் இந்தத் தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. அப்போது பஸ் போகாத ஊருக்குக் கூடச் சைக்கிளில் கட்டு போனது. இன்று ஊருக்கு பஸ்ஸும் இருக்கிறது, தார் ரோடும் இருக்கிறது.

இணையமே போதும் என்று கூட்டங்களில் பேசுகிறீர்கள். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளத்தையே மத்திய அரசு முடக்கியது. உயர் நீதிமன்றம் போய், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கச் சொன்ன நிபந்தனையோடு மார்ச்சில்தான் முடக்கத்தை விலக்க உத்தரவு கிடைத்தது. கண்டக்டர் மாமா பரணில் இந்திரா காந்தி இறந்த அன்றைய பேப்பர் இருக்கிறது. கரையான் கொஞ்சம் அரித்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடிவிட்டது, மன்னிக்கவும். உங்கள் மேல் பகை ஒன்றும் இல்லை. என் வீடு கட்டியதும் பெண்ணைப் படிக்கவைத்ததும் இந்தக் கட்டைப் பிரித்துத்தான்.

தயவுசெய்து எங்கள் ஊர் விலக்கில் கட்டை இறக்க உத்தரவிடுங்கள், இல்லை வேனை 5 மணிக்கு டவுனுக்கு வரச் சொல்லுங்கள். முதல் பஸ் டிரைவரிடம் பேசிவிட்டேன். கட்டை ஏற்றிக்கொள்ளச் சம்மதம், காசு வேண்டாம், ஒரு பேப்பர் கொடுத்தால் போதும் என்கிறார். அதோடு 63 ஆகிறது. அந்த ஒன்றையும் சேர்த்து அனுப்பவும்.

இப்படிக்கு,
விளாத்திகுளம் லைனில் உங்கள் முகவர்