விற்கச் சொல்லும் முன் எண்ணிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய கடல்வள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

இடிந்தகரையிலிருந்து உவரி வரை கடல் முள்ளெலி, அதாவது உருண்டை ஓடு முழுக்க முள்ளாகப் பாறைகளில் வாழும் கடல் பிராணி, கேட்டு வெளியூர் ஏஜென்டுகள் வந்துபோவது தாங்கள் அறிந்ததே. ஜப்பானில் அதற்கு நல்ல விலை என்று எங்களுக்கு முதலில் சொன்னதும் தங்கள் கூட்டத்தில்தான். எங்கள் பாறைகளில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை எண்ணிச் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.

முள்ளெலி எங்களுக்குப் புதிதல்ல. சிங்கி இறாலுக்குப் பாறையோரம் விட்ட வலையில், முட்கள் கண்ணிகளில் சிக்கிக் கொத்துக் கொத்தாக ஏறிவரும். ஒவ்வொன்றையும் கட்டையால் தட்டி உடைத்து, ஓட்டுச் சில்லுகளைக் கையால்தான் பொறுக்க வேண்டும். விரலில் ஏறிய முள் முழுதாக வராது, உள்ளேயே பொடிந்துவிடும். வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு, வீங்கிய விரலோடு வலையின் கிழிசலைத் தைக்க உட்காரும் பெண்கள் எங்கள் வீடுகளில் உண்டு. இந்தத் தொல்லைக்குக் காசு கிடைக்கும் என்றால் எங்களுக்குக் கசக்குமா?

சென்ற மாதம் காசு கிடைக்கவில்லை. கூடை கூடையாக எடுத்துவந்ததை ஏஜென்டின் ஆள் உடைத்துப் பார்த்தார். தின்பதற்காக வாங்கும் ஐந்து மஞ்சள் சுளைகள் இருக்க வேண்டிய இடத்தில் நீர்த்த கூழ். "சரக்கு தேறாது" என்று போய்விட்டார். ஓடுகள் கரையில் நாறின. முட்டை என்று விற்கப்படும் அந்தச் சுளை, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இனப்பெருக்க உறுப்பு. விந்தையும் முட்டையையும் கடலில் விட்டபின் அது சுருங்கிவிடும். பாறைக் குழியில் ஒட்டிக்கிடக்கும் கறுப்பு வகைக்கும் வலையில் வரும் வகைக்கும் பருவம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓராண்டு மாதந்தோறும் உடைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்யாமலா விலை சொன்னீர்கள்?

பிலிப்பைன்ஸின் பொலினாவோவில் அளவின்றி எடுத்து, 1992-இல் முள்ளெலித் தொழிலே சரிந்தது. கடல் அட்டைக் கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது: அள்ளும்வரை அள்ளவிட்டு, 2001-இல் ஒரேயடியாகத் தடை. கடலில் மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்தவர்கள் நடுக்கடலில் நின்றார்கள். முள்ளெலிக்கும் அதே வழிதானா?

வீட்டு வாசல்வரை கடல் வந்துவிட்டது, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவு போடுங்கள் என்றால் "ஆய்வு நடக்கிறது" என்பீர்கள். அந்த ஆய்வு முடிவதற்குள் எங்கள் தெருக்கள் முடிந்துவிடும் போலிருக்கிறது. ஆய்வே இல்லாமல் தங்களிடம் வேகமாக நகர்ந்தது முள்ளெலி ஒன்றுதான். அது குழாய்க்கால்களால் ஊரும் பிராணி!

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருள வேண்டுகிறோம். கேட்பது இவ்வளவுதான்: எந்த வகை, எவ்வளவு, எந்த மாதத்தில் சுளை திரள்கிறது என்று கணக்கெடுத்து, தமிழில் எழுதி, ஒவ்வோர் ஊர்க் கமிட்டிக்கும் கொடுங்கள். அதுவரை யாருக்கும் கொள்முதல் அனுமதி தராதீர்கள். ஆய்வாளர்களை அனுப்பினால் படகும் மூழ்கிப் பார்க்க ஆட்களும் எங்கள் பொறுப்பு. எந்தப் பாறையில் பார்க்க வேண்டும் என்பதையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கூத்தங்குழிக் கரையிலிருந்து ஒரு மீனவன்