கேட்மனிலிருந்து தொடங்கு, மகளே

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். அத்தையின் காரியம் நாம் பேசிக்கொண்டபடியே நல்ல விதமாக முடிந்தது. மற்றதை அம்மா சொல்லியிருப்பாள். விநாயகர் சதுர்த்திக்கு நீ வராததற்கும், நான் அழைக்கும்போதெல்லாம் வகுப்பில் இருப்பதாகச் செய்தி அனுப்புவதற்கும் காரணம் கேட்டு இதை எழுதவில்லை. முதலாமாண்டு மாணவர்களுக்குத் தொடக்ககால ஆங்கில இலக்கியமும் அதன் வரலாற்றுப் பின்னணியும் உன் பொறுப்பில் வந்திருப்பதாகவும், வகுப்பு நகரவே மாட்டேன் என்கிறது என்று நீ வருத்தப்பட்டதாகவும் அம்மா சொன்னாள். அந்தத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கைடு புத்தகங்கள் 449இல் தொடங்கி, பிரிட்டனுக்குக் கடல் கடந்து வந்த ஆங்கிளர், சாக்சனியர், ஜூட்டுகள் என்று பெயர்களை அடுக்கி, நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066இல் கொண்டுவந்து நிறுத்தும். அந்த வழியில் நீ போகாதே. கேட்மனிலிருந்து தொடங்கு.

ஏழாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், ஹில்டா என்ற பெண்மணி தலைவியாக இருந்த விட்பி மடத்தைச் சேர்ந்த மாட்டுக்காரர் அவர். வயது முதிர்ந்தவர், ஒரு பாட்டும் கற்றதில்லை. விருந்துகளில் யாழ் கைமாறி வர, ஒவ்வொருவராகப் பாடுவது வழக்கம். யாழ் தன் பக்கம் வருவதைக் கண்டதும் அவர் எழுந்து போய்விடுவார். அப்படிப் போய்த் தொழுவத்தில் படுத்திருந்த ஓர் இரவில், கனவில் ஒருவர் வந்து, பெயர் சொல்லி அழைத்து, பாடு என்கிறார். பாடத் தெரியாததால்தானே எழுந்து வந்தேன் என்கிறார் கேட்மன். அப்படியும் நீ பாடத்தான் வேண்டும், படைப்பின் தொடக்கத்தைப் பாடு என்று பதில் வருகிறது. அவர் பாடுகிறார். அந்த ஒன்பது வரிகள் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் அவர்தான்.

இந்தக் கதையில் மாணவர்களை நீ நிறுத்த வேண்டிய இடம் மறுநாள் காலை. மேலாளர் அவரை ஹில்டாவிடம் அழைத்துப் போகிறார். ஹில்டா கற்றறிந்தவர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் முன்னிலையில் அந்த மாட்டுக்காரரைப் பாடச் சொல்லிக் கேட்கிறார். திருமறைப் பகுதி ஒன்றைச் சொல்லி, பாட்டாக்கி வரும்படி அனுப்புகிறார். அடுத்த நாள் அவர் பாட்டோடு வருகிறார். கேட்டதையெல்லாம் மாடு அசைபோடுவதுபோல் மனத்தில் அசைபோட்டுப் பாட்டாக்கினார் என்று இந்தக் கதையை நமக்குச் சொல்லும் துறவி பீட் எழுதுகிறார். உன் வகுப்பில், ஆங்கிலத்தில் வாசி என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை முதல் நாளே சொல்ல வேண்டும். கடினமாக இருக்கும் இடத்தை விட்டு எழுந்து போவது அவர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமும் அல்ல. திருச்சியில் அந்த வருடம் நீயும் கதவைச் சாத்திக்கொண்டு அப்படித்தான் இருந்தாய். ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம்.

கதை முடிந்ததும் ஆண்டுகள் தாமாக வரும். மாட்டுக்காரர் பாடியது நமக்கு எப்படிக் கிடைத்தது என்று அவர்களையே கேள். ஜாரோ மடத்துத் துறவி பீட், 731இல் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றில் இந்த நிகழ்ச்சியைச் சொன்னதனால் கிடைத்தது. ஒரு துறவியின் கையில் தோலேடும் இலத்தீன் எழுத்தும் எப்படி வந்தன? 597இல் கிறித்தவத்தைப் பரப்பப் போப் கிரெகரி அனுப்பிய துறவி அகஸ்டின் கென்ட்டில் வந்து இறங்கியதன் தொடர்ச்சியாக வந்தன. ரோமின் ஆட்சி ஏற்கெனவே அங்கே இருந்ததல்லவா என்று யாராவது கேட்டால், 410ஐ ஒட்டி அது விலகியதையும், பிறகு கடல் கடந்து வந்தவர்களையும் அப்போது சொல். கேள்வி எழாமல் ஆண்டைச் சொன்னால் அது தேர்வன்று காலை வரைதான் நிற்கும்.

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையிட்டதைச் சொன்ன கையோடு ஆல்ஃபிரட் மன்னரிடம் வந்துவிடு. 878இல் எடிங்டனில் வைக்கிங்குகளான டேனியரை வென்ற அந்த மன்னர், தாம் அரியணை ஏறியபோது தேம்ஸுக்குத் தெற்கே இலத்தீன் தெரிந்த ஒருவரைக்கூட நினைவுபடுத்திப் பார்க்க முடியவில்லை என்று வருந்தி எழுதினார். வசதியுள்ள சுதந்திரக் குடிகளின் பிள்ளைகள் எல்லோரும் ஆங்கில எழுத்தைப் படிக்கக் கற்க வேண்டும் என்றும் விரும்பினார். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பின் சில படிகளில், அவர் இந்தியாவில் உள்ள புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பினார் என்று 883ஆம் ஆண்டின் கீழ் ஒரு செய்தி இருக்கிறது. தோமாவை மயிலாப்பூரோடு இணைக்கும் மரபை அறிந்த நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே குறிக்கப்பட்டது இந்தியாதானா, யூதேயாவா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தின் 3182 வரிகளையும் நடத்த உனக்கு நேரம் இருக்காது. கிரெண்டல் என்ற அரக்கன் அரச மண்டபத்துக்கு வரும் இரவை மட்டும் உரக்க வாசி. பொருள் புரியாவிட்டாலும் பழைய ஆங்கிலத்திலேயே நான்கு வரிகளை வாசித்துக் காட்டு. ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள் வரியின் இரு பாதிகளையும் கட்டுவதை, மோனை கேட்டுப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த ஏட்டின் கதையைச் சொல். ஒரே ஒரு படிதான் மிஞ்சியது. 1731இல் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் பிடித்த தீயில் அதன் ஓரங்கள் கருகி, பிறகு உதிரத் தொடங்கின. 1787இல் தோர்கெலின் என்ற ஐஸ்லாந்து அறிஞருக்காக எடுக்கப்பட்ட படியாலும் அவரே எடுத்த படியாலும், இன்று ஏட்டில் இல்லாத பல எழுத்துகள் நமக்குக் கிடைக்கின்றன. பழைய ஆங்கிலக் கவிதைகள் உள்ள இன்னொரு ஏடான எக்ஸிட்டர் ஏட்டில் பாத்திரம் வைத்த வட்டக் கறையும் கத்திக் கீறல்களும் கடைசித் தாள்களில் தீ சுட்ட துளைகளும் இருக்கின்றன. பழைய ஆங்கிலக் கவிதையில் நமக்கு மிஞ்சியது ஏறத்தாழ 30,000 வரிகள் மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி நான்கே ஏடுகளில் இருக்கிறது. இதை அறிந்த மாணவன் பாடப்பகுதியை இளக்காரமாகப் பார்க்க மாட்டான்.

அந்த எக்ஸிட்டர் ஏட்டில்தான் தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைகள் இருக்கின்றன. சொற்களைத் தின்றும் அறிவு வளராத திருடன் யார் என்று கரும்பலகையில் தமிழிலேயே எழுதிப் போட்டுவிட்டுக் காத்திரு. புத்தகப்புழு என்ற விடை வந்த பிறகு மூலத்தைக் கொடு. 1066ஐயும் நார்மானியரையும் ஒரு வகுப்பில் முடித்துவிடலாம். பீட்டர்பரோ மடத்தில் மட்டும் 1154 வரை ஆங்கிலத்தில் ஆண்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை விட்டுவிடாதே.

நெட் தேர்வில் முதல் முறையிலேயே தேறியவள் நீ. உன்னால் முடியும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன்னிடம்தான் சொல்லவில்லை. இந்த செமஸ்டர் முடிந்தபின் என்ன என்று அம்மாவிடம் ஏதோ கேட்டாயாம். அதைப் பற்றி நீயாகச் சொல்லும்வரை நான் கேட்கப் போவதில்லை. நோட்ஸைச் சொல்லி எழுத வைக்காதே. முதலில் கேட்மன், பிறகுதான் 449.

மாடி அலமாரியில் இருந்த என் குறிப்பேட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன்; பீட் பகுதி நடுவில் இருக்கிறது. விடுகதை வகுப்பில் பின் வரிசையிலிருந்து யார் என்ன சொன்னார்கள் என்று எழுது, தவறான விடைகளையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா