பாப்பா ப்ராஜெக்ட்டுக்கு நம்ம ஊரப் பத்தி

தம்பி,

செவ்வாக்கிழமை மருமகப்பொண்ணு போன் பண்ணுனா, பாப்பாவுக்கு ஸ்கூல்ல 'எங்க சொந்த ஊர்'னு ப்ராஜெக்ட் குடுத்துருக்காவளாம், நாலு விசயம் சொல்லுங்க மாமான்னா. போன்ல சொன்னா பாதி காதுல விழாது, அதான் உனக்கே எழுதுதேன், நீ பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக்குடு. நீ எங்கம்மான்னு கேட்டேன், தூங்குறாங்க மாமான்னா. பகல் பதினோரு மணி. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு உங்கம்மை அன்னையில இருந்து அனத்துதா. நேரத்தோட படு, நேரத்தோட சாப்பிடு.

மொதல்ல ஆறு. பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல விழுற வரைக்கும் தாமிரபரணி நம்ம ஸ்டேட்ட விட்டு வெளிய போகாது, மொத்தமே 128 கிலோமீட்டர்தான்னு எழுதச் சொல்லு. நம்ம ஊரு ஆதிச்சநல்லூர், ஆத்துக்குத் தென்கரை, திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல 24 கிலோமீட்டர். தூத்துக்குடி மாவட்டம்னு போடணும். 1986ல பிரிச்சாவ, அதுக்கு முந்திதான் நம்ம திருநெல்வேலி ஜில்லா, நீ இன்னும் எல்லா பாரத்துலயும் திருநெல்வேலின்னே எழுதுத. பாரம்னதும் ஞாபகம் வருது, ஆபீஸ்ல எவன் எந்த பேப்பர நீட்டுனாலும் முழுசா படிக்காம கையெழுத்துப் போடாத. எல்லாருக்கும் சொல்லுறதுதான்.

ஆத்துல மொத்தம் எட்டு அணை, ஏழாவது மருதூர், கடைசி ஸ்ரீவைகுண்டம், அது 1870கள்ல வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது. அந்தத் தண்ணியிலதான் நெல்லும் வாழையும். பாப்பாவுக்கு வாழைத்தாருன்னா கடையில தொங்குறதுதான் தெரியும், வெட்டி தலையில வச்சு வரப்புல நடக்குறது தெரியாது. உனக்கே மறந்திருக்கும்.

பொறவு பரம்பு, ஊரு பக்கத்து மேட்டு நிலம். 114 ஏக்கர், பூரா பாறையும் சரளையும், ஒண்ணும் வெளையாது. அந்தக் காலத்து ஆளுங்க வெவரமானவங்க, வெளையுற மண்ண பயிருக்கு விட்டுட்டு வெளையாத இடத்துல பாறையக் குடைஞ்சு தாழிய எறக்கி செத்தவங்கள வச்சிருக்காவ. ஆச்சி உனக்கு வேற கதை சொல்லுவா, அந்தக் காலத்துல வயசானா சாவே வராதாம், குறுகிக் குறுகி பூனைக்குட்டி மாதிரி ஆயிருவாவளாம், அப்பிடியே தாழியில வச்சு சோறும் தண்ணியும் வைப்பாவளாம்னு, நீ ராத்திரி ஒண்ணுக்குப் போகக்கூட பயப்படுவே. அத பாப்பாகிட்ட சொல்லாத.

1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரன் வந்து மொதல்ல தோண்டி எடுத்து பெர்லினுக்குக் கொண்டு போயிட்டான். 1899ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீன்னு ஒரு வெள்ளக்காரரு தோண்டுனாரு. அவரு எடுத்த தங்க நெத்திப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு வேலு எல்லாம் எழும்பூர் மியூசியத்துல இருக்கு. பிள்ளைய ஒரு நாளு கூட்டிட்டுப் போடேன்னு எத்தன வருசமா சொல்லுதேன், லீவு இல்லப்பா லீவு இல்லப்பான்னே சொன்னே. இப்ப கூட்டிட்டுப் போ.

அங்கன கிடைச்சத சோதிச்சு கி.மு. 905ன்னும் 696ன்னும் வருசம் சொன்னாவ. 2020ல டெல்லி பட்ஜெட்லயே நம்ம ஊரு பேர வாசிச்சாவ, அன்னைக்கு நீதான் மொதல்ல போன் பண்ணி அப்பா டிவியப் போடுங்கன்னு கத்துனே. 2023 ஆகஸ்ட்ல குழிக்கு மேல கண்ணாடி போட்டு, மேல நின்னு கீழ தாழியப் பாக்குற மாதிரி பண்ணிருக்காவ, வெளியூர்ல இருந்தெல்லாம் கார் போட்டு வாராவ. நீ இன்னும் பாக்கல.

அதே வருசம் டிசம்பர்ல வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல ஒரு ரயிலு கூட்டத்தோட மாட்டி நின்னுச்சுல்லா. அப்ப நீ செய்துங்கநல்லூர்ல இருந்து ரோடு அறுந்த இடமெல்லாம் தாண்டி முழங்கால் சேத்துல நடந்தே வந்தே பாரு, தண்ணி கேனத் தூக்கிக்கிட்டு. ஊரு இன்னும் சொல்லுது, பிள்ளைன்னா இப்பிடில்லா இருக்கணும்னு. அவ்வளவு பாடுபட்டு வந்தவன் பொறவு ஒரு பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்கல. சித்தப்பா நடைச்சுவர் விசயம்னா, அது முடிஞ்சிருச்சு, அத நெனைக்காத.

பணம் வந்துருச்சு. இந்த மாசம் 17ஆம் தேதி வந்துச்சு, போன மாசம் 12. அதுக்காக சொல்லல. உங்கம்மைதான் பாஸ்புக்க அப்பப்ப எடுத்துப் பாக்குதா. கையெழுத்து விசயம் மறந்துராத.

2004ல ஒரு தோண்டு தோண்டுனாவல்லா, மத்திய அரசு ஆளுங்க, அத விட்டுட்டேன். 150க்கு மேல தாழி வந்துச்சு. ஒரு பானை ஓட்டுல ஒரு பொம்பளை, கொக்கு, மான், முதலை எல்லாம் மண்ணுலயே உருட்டி ஒட்டி வச்சிருந்தான். அதப் பத்தி எனக்கு இவ்வளவு எப்பிடித் தெரியும்னு நீ கேட்டதே இல்ல. நான் அங்கன மண்ணுச் சட்டி சொமந்தேன்லே.

வாழக்காய் மண்டியில கணக்கு இடிக்கிதுன்னு ஒரு நாளு, நாளையில இருந்து வராண்டாம்னுட்டாவ. நான் ஒரு பைசா எடுக்கல. ஆனா அத வீட்ல சொல்ல வாய் வரல. நீ ஒம்பதாங்கிளாஸ். தினம் ஏழு மணிக்கு சட்டையும் இஸ்திரியுமா டிபன் கேரியரத் தூக்கிக்கிட்டு பாளையங்கோட்டை வாடகை வீட்ட விட்டு எறங்கி திருச்செந்தூர் பஸ்ஸப் புடிச்சு ஊருக்கு வந்து, ஆச்சி வீட்ல கைலிய மாத்திக்கிட்டு பரம்புக்குப் போவேன். ஊருக்கே தெரியும், உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியாது. கூலி காணாது, சம்பளம்னு குடுக்கணும்லா, ஆச்சி ரெண்டு காது பாம்படத்தையும் கழத்திக் குடுத்தா. காது ஏன் வெறுசா இருக்குன்னு நீ கேட்டதுக்கு, கனக்குதுலேன்னா.

ஒரு நாளு உங்க பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளைகள பஸ்ல கூட்டிட்டு வந்துட்டாவ. நான் குழிக்குள்ள நிக்கேன், மேல வரிசையா காலு. உன் செருப்பு எனக்குத் தெரியும். துண்ட எடுத்து மூஞ்சியோட கட்டிக்கிட்டு தாழிப் பக்கம் திரும்பி உக்காந்துட்டேன், நீங்க போற வரைக்கும் ஒரே ஓட்ட பிரஷ் வச்சு தேச்சுக்கிட்டே இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது நீ அந்த டூரப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதுதான் இருபது வருசமா மண்டையில ஓடுது. பாத்தியா, பாக்கலியா. பாத்துட்டுத்தான் இப்பிடி எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுப் பழகிட்டியோ, என்னப் பாத்துத்தான் படிச்சியோன்னு இருக்கு.

இதெல்லாம் பாப்பா நோட்ல எழுதாண்டாம். கொக்கு, மான், முதலை மூணையும் வரைஞ்சு குடு, டீச்சருக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை பஸ்ல அரிசியும் ஒரு சீப்பு நாட்டுப்பழமும் அம்மை போட்ட முறுக்கும் ஏத்தி விடுதேன், காலையில நீயே போயி எடு. வார மாசம் பணம் போடாத. வந்துருச்சுன்னு அம்மைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.

அப்பா